பிரைட்டன் ராக் (1948): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டனில் குற்றப் படங்கள் வரிசையாக வந்தன. அவற்றில் இன்றும் கூர் மழுங்காமல் நிற்கிறது ‘பிரைட்டன் ராக்’. கிரஹாம் கிரீனின் நாவலிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், 92 நிமிடம். இதைப் புதிதாகப் பார்க்கப் போகிறவர்களும் பார்த்து முடித்தவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கதையின் முடிவு பின்பாதியில் வெளிப்படையாகப் பேசப்படுகிறது. படம் பார்க்காதவர்கள் ‘நாவலிலிருந்து எவ்வளவு மாறுகிறது?’ என்ற கேள்விக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம்.

கதைச் சுருக்கம் என்ன?

காலம் 1930கள். இடம் பிரைட்டன், லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் கடற்கரை ஊர். அங்கே குதிரைப் பந்தயத் திடலில் புக்கிகளிடம், அதாவது பந்தயப் பணம் வாங்கும் தரகர்களிடம், மாமூல் வாங்கிப் பிழைக்கிறது ஒரு சிறு கும்பல். அதன் தலைவன் கைட் கொல்லப்பட்டதும் அந்த இடத்துக்கு வருகிறவன் பிங்கி பிரவுன். வயது 17தான்.

கைட் செத்ததற்குக் காரணம் ஃபிரெட் ஹேல் என்ற பத்திரிகைக்காரர் எழுதிய செய்தி என்று பிங்கியின் ஆட்கள் நினைக்கிறார்கள். அதே ஹேல் ஒரு விடுமுறை நாளில் பிரைட்டனுக்கு வருகிறார். பத்திரிகை அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை, ‘கோலி கிப்பர்’ என்ற பெயரில் ஊருக்குள் நடமாடி, ஆங்காங்கே பரிசுச் சீட்டுகளை ஒளித்துவைப்பது. அவரையே அடையாளம் கண்டு சொல்கிறவருக்குப் பெரிய பரிசு. அவர் படமும் பத்திரிகையில் அச்சாகியிருக்கிறது. ஒளிந்துகொள்ள வேண்டிய மனிதர், ஊரே தேடும் ஆளாகத் தெருவில் நிற்கிறார்.

பிங்கி அவரைக் கொன்றுவிடுகிறான். அவர் செத்த நேரத்தைக் குழப்புவதற்காக, கும்பலைச் சேர்ந்த ஸ்பைசர் மிச்சமிருந்த சீட்டுகளை ஊருக்குள் வைத்துவிட்டு வருகிறான். அதில் ஒன்று ஒரு தேநீர்க் கடையின் மேசைவிரிப்புக்கு அடியில் போகிறது. அங்கே பரிமாறும் பெண் ரோஸ் அதை எடுத்துப் பார்க்கிறாள். சீட்டை வைத்த ஆள் பத்திரிகைப் படத்தில் இருப்பவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் வாயை அடைக்கத்தான் பிங்கி அவளோடு பழகுகிறான்.

போலீஸ் இதை மாரடைப்பு என்று மூடிவிடுகிறது. மூட விடாதவள் ஐடா ஆர்னல்ட். கடற்கரையில் வேடிக்கைப் பாட்டுப் பாடிப் பிழைப்பவள், ஹேலின் கடைசி நேரத்தில் அவரோடு பேசிக்கொண்டிருந்தவள்.

பத்திரிகைக்காரரைத் தேடிப் பிடிக்கும் போட்டி நிஜமாகவே இருந்ததா?

இருந்தது. 1927இல் ‘வெஸ்ட்மின்ஸ்டர் கெஜட்’ பத்திரிகை ‘லாபி லட்’ என்ற கற்பனைப் பெயரில் ஓர் ஆளைக் கடற்கரை ஊர்களுக்கு அனுப்பியது. கையில் அன்றைய பத்திரிகையோடு போய், சொல்லவேண்டிய வாசகத்தை அப்படியே சொல்லி அவரைப் பிடித்தால் பணம். விடுமுறைக்குப் போகிறவர்களும் பத்திரிகை வாங்க வேண்டும் என்பதற்கான வியாபார உத்தி இது. மூல நாவலை எழுதிய கிரஹாம் கிரீன் பத்திரிகை வேலை பார்த்தவர். இந்த வேடிக்கைப் போட்டிக்குள் ஒரு கொலையை வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

படத்தை எடுத்தவர்கள், நடித்தவர்கள் யார்?

இயக்கம் ஜான் போல்ட்டிங், தயாரிப்பு ராய் போல்ட்டிங். இருவரும் இரட்டையர்கள். ஒரு படத்தில் ஒருவர் இயக்கினால் மற்றவர் தயாரிப்பார், அடுத்ததில் இடம் மாறிக்கொள்வார்கள். திரைக்கதையில் கிரீனின் பெயரும் நாடகாசிரியர் டெரன்ஸ் ரேட்டிகனின் பெயரும் இருக்கின்றன. ஒளிப்பதிவு ஹாரி வாக்ஸ்மன்.

பிங்கியாக ரிச்சர்ட் அட்டன்பரோ, ரோஸாக கேரல் மார்ஷ், ஐடாவாக ஹெர்மியோன் பேட்லி. பிங்கியின் வலது கையான டேலோவாக வருபவர் வில்லியம் ஹார்ட்னல். 1963இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் முதல் டாக்டர் அவர்தான். பிராவிட் என்ற குடிகார வக்கீலாக வரும் ஹார்கோர்ட் வில்லியம்ஸைத் தவறவிடாதீர்கள். கொஞ்ச நேரமே வந்தாலும், கெட்டுப்போன ஒரு வாழ்க்கை முழுவதையும் அந்த நடுங்கும் விரல்களில் காட்டிவிடுகிறார்.

‘காந்தி’ எடுத்த அட்டன்பரோவா இவர்?

அவரேதான். 1982இல் வெளியாகி எட்டு ஆஸ்கர் வாங்கிய ‘காந்தி’யின் இயக்குநர், சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’யில் ஜெனரல் அவுட்ராமாக நடித்தவர். வெண்தாடியும் கனிந்த சிரிப்புமாக நமக்குப் பழகிய அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்த்தால் முதல் பத்து நிமிடம் நம்பவே முடியாது.

1923இல் பிறந்தவர். படப்பிடிப்பு நடந்த 1947இல் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். அதற்கு முன்பே, 1943இல் லண்டன் கேரிக் தியேட்டரில் இதே கதை நாடகமாக நடந்தபோது பிங்கி வேடம் அவருக்குத்தான் போனது. ஹெர்மியோன் பேட்லியும் அந்த மேடையில் ஐடாவாக இருந்தார். நடுவில் விமானப்படையில் சேர்ந்து, ஜான் போல்ட்டிங் இயக்கிய ஒரு போர்க்காலப் படத்தில் நடித்தார். ஆக, இந்தப் படத்துக்கு வரும்போது பாத்திரமும் புதிதில்லை, இயக்குநரும் புதிதில்லை.

அவர் நடிப்பில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது கண்களைத்தான். பிங்கி கத்துவதில்லை, பெரும்பாலும் கண் இமைப்பதுகூட இல்லை. படம் அவனை அறிமுகப்படுத்துவதே முகத்தை வைத்து இல்லை. நூலை விரல்களில் மாட்டி விளையாடிக்கொண்டிருக்கும் இரண்டு கைகள்தான் முதலில் வருகின்றன. சின்னப் பையன்கள் விளையாடும் அதே விளையாட்டு. அவன் பையன்தான் என்பதையும், அந்தக் கைகள் என்ன செய்யக்கூடியவை என்பதையும் ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள்.

பந்தயத் திடல் கும்பல்கள் உண்மையில் இருந்தனவா?

இருந்தன. படத்தில் வருவதைவிடப் பெரிதாகவே இருந்தன.

அந்தத் தொழில் நடந்த விதத்தைப் புரிந்துகொண்டால் படம் இன்னும் நன்றாகப் பிடிபடும். அன்றைய பிரிட்டனில் பந்தயத் திடலுக்குள் பணம் கட்டுவது சட்டப்படி சரி. திடலுக்கு வெளியே தெருவில் ரொக்கமாகக் கட்டுவது குற்றம். அதற்கான கடைகள் 1961இல்தான் சட்டப்படி திறக்கப்பட்டன. அதோடு, 1845இல் வந்த ஒரு சட்டத்தின்படி சூதாட்டக் கடனை நீதிமன்றத்துக்குப் போய் வசூலிக்க முடியாது. தோற்றவன் கையை விரித்துவிட்டால் புக்கிக்கு வழக்குப் போட வழியில்லை. கையில் ரொக்கத்தோடு திறந்த வெளியில் நிற்கும் ஒருவருக்குச் சட்டத்தின் துணை இல்லையென்றால் அங்கே ரவுடி வந்து சேர்வான். வந்து சேர்ந்தான்.

மாமூல் கேட்கும் முறையும் நாசூக்கானது. புக்கி விலைகளை எழுதும் கரும்பலகைக்குச் சாக்பீஸ், அழிக்க ஈரப் பஞ்சு, ஏறி நிற்க ஸ்டூல், ஓடும் குதிரைகளின் பட்டியல் என்று ஒவ்வொன்றையும் கும்பலே ‘விற்கும்’. காசுக்குப் பெறாத சாமான், ஆனால் கேட்ட விலையைக் கொடுத்தாக வேண்டும். வேண்டாம் என்றால் பலகை உடையும், அடுத்தது முகம். துப்பாக்கியைவிடச் சவரக்கத்திதான் இவர்களின் ஆயுதம். கன்னத்தில் விழுந்த வெட்டு ஆயுசுக்கும் விளம்பரமாக நிற்கும்.

லண்டனின் கிளார்க்கன்வெல் பகுதியில் இத்தாலியக் குடும்பப் பின்னணியில் வளர்ந்த டார்பி சபினி இந்தத் தொழிலில் பெரிய பெயர். தென்இங்கிலாந்தின் பந்தயத் திடல்கள் பலவும் அவர் பிடியில் இருந்தன. கதையில் ஆடம்பர ஹோட்டலில் தங்கி, தொழிலதிபர் மாதிரி பேசும் எதிர்க்கும்பல் தலைவன் கொலியோனிக்கு அவர்தான் முன்மாதிரி என்று பொதுவாகச் சொல்வார்கள். 1936இல் பிரைட்டனுக்குப் பக்கத்தில் உள்ள லூயிஸ் பந்தயத் திடலில் நடந்த கும்பல் மோதல் நாடெங்கும் பேசப்பட்டு, பலர் சிறைக்குப் போனார்கள். நாவல் அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது.

அப்படியானால் தொடக்கத்தில் ‘இது பழைய பிரைட்டன்’ என்று ஏன் ஓர் அறிவிப்பு?

இன்றைய பிரைட்டன் கலகலப்பான, நட்பான ஊர், நாம் காட்டப்போவது இரண்டு போர்களுக்கு நடுவில் இருந்த, இப்போது இல்லாமல் போய்விட்ட இன்னொரு பிரைட்டன் என்ற பொருளில் படம் தொடங்குகிறது. சுற்றுலாவை நம்பியிருக்கும் ஊருக்கு இந்தச் சமாதானம் தேவைப்பட்டது. 1934இல் பெட்டிக்குள் பெண்களின் சடலங்கள் கிடைத்த வழக்குகளால் ஏற்கெனவே அதன் பெயர் அடிபட்டிருந்தது.

படத்தைப் பார்த்தவர்கள் அந்த அறிவிப்பை எவ்வளவு நம்பியிருப்பார்கள் என்று தெரியவில்லை. 1948 பிரிட்டனில் ரேஷன் இன்னும் நடந்துகொண்டிருந்தது, 1954 வரை தொடர்ந்தது. கள்ளச்சந்தையும் பளபளப்பான சூட் போட்ட தரகர்களும் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். போருக்கு முந்தைய காலம் என்று எழுதிக்காட்டினாலும், கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பிங்கியின் ஆட்கள் தெரிந்த முகங்கள்தான்.

காட்சிகளில் பெரும்பங்கு அந்த ஊரிலேயே எடுக்கப்பட்டது. ஹேல் துரத்தப்படும் தொடக்கக் காட்சிகளில் ரயில் நிலையம், குறுகிய சந்துகள், விடுமுறைக் கூட்டம் எல்லாம் நிஜம். வெயில் அடிக்கும் ஊரில், பட்டப்பகலில், ஆயிரம் பேருக்கு நடுவே ஒருவர் தன்னந்தனியாகச் சாகப்போகிறார். இருட்டுச் சந்தில் நடக்கும் கொலைகளைவிட இது அதிகம் பயமுறுத்துகிறது.

‘ராக்’ என்றால் பாறையா?

இல்லை, ஒரு மிட்டாய். பிரிட்டிஷ் கடற்கரை ஊர்களில் விற்கும் நீளமான சர்க்கரைக் குச்சி. ஊர்ப்பெயர் அதன் உள்ளே எழுத்தாக ஓடும், எந்த இடத்தில் கடித்தாலும் ‘பிரைட்டன்’ என்றே தெரியும். மனிதர்களும் அப்படித்தான், மாறவே மாட்டார்கள் என்று ஐடா நாவலில் சொல்கிறாள்.

பிங்கி ரோஸை ஏன் கல்யாணம் செய்துகொள்கிறான்?

கணவனுக்கு எதிராக மனைவியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் வழியில்லை. அவனுக்கு அது போதும். அவளைத் தொடுவதுகூட அவனுக்கு அருவருப்பு. நாவலில் அவள் பெற்றோரிடம் 15 கினி (பழைய பிரிட்டிஷ் பணம்) கொடுத்துச் சம்மதம் வாங்குகிறான். மாடு பிடிப்பது போல் பேரம் நடக்கிறது.

ரோஸுக்கு எதுவும் தெரியாது, ஏமாந்துபோன அப்பாவி என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இவன் கொலைகாரன் என்பதை அவள் சீக்கிரமே உணர்ந்துவிடுகிறாள். தெரிந்தேதான் கூட நிற்கிறாள். இருவரும் கத்தோலிக்கர்கள். சர்ச்சில் நடக்காத பதிவுத் திருமணம் அவர்கள் நம்பிக்கைப்படி திருமணமே இல்லை, பாவம். அதுவும் அவளுக்குத் தெரியும். நரகம் உண்டு என்று உறுதியாகச் சொல்கிறவன் பிங்கி. சொர்க்கமும் உண்டுதானே என்று கேட்கிறவள் ரோஸ். இருக்கலாம் என்பதுதான் அவன் பதில். அவன் போகும் இடத்துக்கே தானும் போவது என்று முடிவெடுக்கும் ஒரு பெண்ணை ‘அப்பாவி’ என்று ஒதுக்கிவிட முடியாது. பிங்கியின் படமாக விளம்பரம் செய்யப்பட்டாலும், என் பார்வையில் இது ரோஸின் படம். கேரல் மார்ஷின் அகன்ற கண்களில் இருக்கும் பிடிவாதத்தைக் கவனித்தால் நான் சொல்வது புரியும்.

ஐடாதானே கதாநாயகி? அவள் மீது ஏன் எரிச்சல் வருகிறது?

வரத்தான் வேண்டும். அவள் செய்வது சரியான காரியம். ஒரு மனிதர் கொல்லப்பட்டிருக்கிறார், யாரும் கண்டுகொள்ளவில்லை, அவள் கண்டுகொள்கிறாள். ரோஸைக் காப்பாற்றவும் நினைக்கிறாள். ஆனால் எது சரி, எது தப்பு என்பதில் அவளுக்கு ஒரு நொடியும் சந்தேகம் கிடையாது. ரோஸும் பிங்கியும் நன்மை, தீமை என்ற வேறொரு கணக்கில் வாழ்கிறார்கள். நாவலில் இந்த மோதல்தான் முதுகெலும்பு. படத்தில் அது மெலிந்துவிட்டது, ஐடா சத்தமாகச் சிரிக்கும் துப்பறிவாளராகவே அதிகம் தெரிகிறாள். படத்தின் பெரிய குறை என்று இதைத்தான் சொல்வேன்.

நாவலிலிருந்து எவ்வளவு மாறுகிறது?

(இனி முடிவு பேசப்படுகிறது.)

தான் கொல்லப்படப்போவது ஹேலுக்குத் தெரியும் என்று நாவலின் முதல் வரியே சொல்லிவிடும். ஆனால் கொலையை கிரீன் காட்டுவதில்லை. படம் காட்டுகிறது. கடலுக்குள் நீளும் பாலத்தின் கேளிக்கை அரங்கில், பேய் ரயிலில் ஹேலும் பிங்கியும் ஒரே பெட்டியில் ஏறுகிறார்கள். பொம்மைப் பேய்களும் அலறலும் வெளிச்சமும் இருட்டுமாக ஓடும் ரயில் வெளியே வரும்போது ஒருவர் குறைகிறார். கீழே கடல். நாவலை மீறிப் படம் ஜெயித்த இடம் இது.

பந்தயத் திடலில், ஸ்பைசரைத் தீர்த்துக்கட்ட கொலியோனியின் ஆட்களோடு பிங்கி ஏற்பாடு செய்கிறான். அவர்கள் சவரக்கத்தியை அவன் மேலேயே திருப்புகிறார்கள். இது இரண்டிலும் உண்டு. தப்பித்து வந்த ஸ்பைசரை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டுக் கொல்வதும் உண்டு.

இறுதிக்கட்டம் வேறு. நாவலில் ஊருக்கு வெளியே ஒரு செங்குத்துப் பாறை விளிம்பில் நடக்கிறது. பிங்கி எப்போதும் பையில் வைத்திருக்கும் அமிலம் அவன் முகத்திலேயே வெடித்து, அவன் விளிம்பைத் தாண்டி விழுகிறான். படத்தில் மழை கொட்டும் இரவு, அதே கடற்பாலம். ஒன்றாகச் சாகலாம் என்று ரோஸின் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு அவன் நகர்ந்துபோகிறான், சாகப்போவது அவள் மட்டும்தான். போலீஸ் வந்துவிடுகிறது, அவள் துப்பாக்கியைக் கடலில் எறிகிறாள், அவன் பாலத்திலிருந்து விழுகிறான்.

கடைசிக் காட்சியில் அந்த இசைத்தட்டு என்ன சொல்கிறது?

கடற்கரையில் காசு போட்டால் நம் குரலைப் பதிவு செய்து தட்டாகத் தரும் கூண்டு ஒன்று இருந்தது. உன் குரலைப் பதிந்து கொடு என்று ரோஸ் கேட்கிறாள். பிங்கி உள்ளே போய், ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும், அதுதானே உனக்கு வேண்டும் என்று ஆரம்பித்து, உண்மையில் உன்னை வெறுக்கிறேன் என்று வசை பாடிப் பதிகிறான். கண்ணாடிக்கு வெளியே அவள் சிரித்தபடி நிற்கிறாள், குரல் கேட்கவில்லை. பின்னால் தட்டை அழிக்கப் பார்க்கிறான், முடியவில்லை. கீறல் மட்டும் விழுகிறது.

நாவலில் அவள் தட்டைக் கேட்க வீட்டுக்கு நடந்து போகிறாள், அங்கேயே கதை முடிகிறது. என்ன கேட்கப்போகிறாள் என்பது நமக்குத் தெரியும். படத்தில் ஒரு கன்னியாஸ்திரீ பக்கத்தில் இருக்க, ரோஸ் தட்டை ஓடவிடுகிறாள். ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்ற இடத்தில் ஊசி மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. கேமரா சுவரில் இருக்கும் சிலுவையை நோக்கிப் போகிறது.

கோழைத்தனமான முடிவு, தணிக்கைக்குப் பயந்து இனிப்புத் தடவிவிட்டார்கள் என்று அப்போதிருந்தே ஒரு குற்றச்சாட்டு உண்டு. கிரீன் பின்னாளில் இந்த முடிவுக்கு ஆதரவாகவே பேசினார். சந்தோஷமான முடிவு வேண்டுமென்பவர்களுக்கு அது கிடைக்கும், யோசிக்கிறவர்களோ அடுத்த முறை அவள் ஊசியைக் கொஞ்சம் தள்ளிவைத்து முழுதும் கேட்டுவிடுவாள் என்று புரிந்துகொள்வார்கள் என்பது அவர் வாதம்.

நான் அவர் பக்கம், ஆனால் காரணம் கொஞ்சம் வேறு. அதற்குச் சற்று முன்புதான் கன்னியாஸ்திரீ, கடவுளின் கருணை எவ்வளவு விசித்திரமானது என்று யாராலும் கற்பனை செய்ய முடியாது என்கிறாள். பிங்கியின் மனதில் காதல் ஒரு துளியும் இல்லை. அவன் தந்தது வெறுப்பு. அவன் கையாலேயே விழுந்த கீறல் அந்த வெறுப்பை வெட்டிவிட்டு, அவன் கேலியாகச் சொன்ன மூன்று ஆங்கிலச் சொற்களை மட்டும் அவளுக்கு விட்டுவைக்கிறது. இது கருணையா, அல்லது உள்ளதிலேயே குரூரமான பொய்யா? படம் பதில் சொல்லாமல் ரோஸின் முகத்தைக் காட்டுகிறது. தெரிந்தே அவன் கூட நின்றவள் அவள். முழுத் தட்டையும் கேட்டால் உடைந்துபோவாள் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

வெளியானபோது வரவேற்பு எப்படி?

கொட்டகையில் கூட்டம் இருந்தது, பத்திரிகைகளில் சண்டை. சவரக்கத்தி வன்முறையைக் காட்டியதற்காக ‘டெய்லி மிரர்’ கடுமையாகத் தாக்கியது. அமெரிக்காவில் ‘யங் ஸ்கார்ஃபேஸ்’ என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். 1999இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட சிறந்த நூறு பிரிட்டிஷ் படங்களின் பட்டியலில் 15ஆவது இடம். முதலிடம் பிடித்த ‘தி தேர்ட் மேன்’ படத்துக்கும் திரைக்கதை கிரீன்தான்.

கிரீனை ஆர்.கே. நாராயணின் நண்பர் என்று படித்த நினைவு. அவரா?

ஆம். சென்னையில் பிறந்த நாராயணின் ‘சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்’ கையெழுத்துப் பிரதி, பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியபின், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஒரு நண்பர் மூலம் கிரீன் கைக்குப் போனது. அவர் பரிந்துரைத்து 1935இல் அது அச்சேறியது. அடுத்த நாவல்களுக்கும் அவரே பதிப்பகம் தேடினார். மால்குடிப் பையன்களைப் பிரிட்டிஷ் வாசகர்களிடம் சேர்க்க மெனக்கெட்ட அதே வருடங்களில்தான் பிங்கியையும் எழுதிக்கொண்டிருந்தார். ‘பிரைட்டன் ராக்’ நாவல் 1938இல் வந்தது.

2010 படத்தைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் பிறகு. ரோவன் ஜோஃபி இயக்கத்தில் சாம் ரைலி, ஆண்ட்ரியா ரைஸ்பரோ, ஹெலன் மிரன் நடித்தது. கதையை 1964க்கு, இளைஞர் கும்பல்கள் கடற்கரையில் மோதிக்கொண்ட காலத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள். ரைஸ்பரோவின் ரோஸ் நன்றாகவே இருக்கிறாள். ஆனால் ரைலி பையனாகத் தெரியவில்லை, பிங்கி பையனாக இல்லாவிட்டால் பாதிக் கதை போய்விடுகிறது. முடிவில் நாவலுக்குத் திரும்பாமல் 1948இன் மாட்டிக்கொள்ளும் ஊசியையே அவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

நாவல் முதலிலா, படம் முதலிலா?

படம். பேய் ரயில் காட்சியை ஒன்றும் தெரியாமல் பார்க்கும் வாய்ப்பு ஒரு முறைதான் கிடைக்கும். அப்புறம் நாவலை எடுங்கள், ஐடாவுக்குப் படத்தில் கிடைக்காத இடம் அங்கே கிடைக்கும்.